வளைகாப்புக்குக் கொண்டுவந்த செத்த நட்சத்திரம்

மதிப்பிற்குரிய சம்மந்தி கருத்தையா அவர்களுக்கு, ராஜபாளையத்திலிருந்து தவசிமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டாரும் பால்கோவா அடுப்பும் ஆண்டாள் புண்ணியத்தில் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். இவ்விடத்து நலத்தை எழுத எனக்கு முகம் இல்லை. போனில் பேசலாம் என்றால் என் பெயரைப் பார்த்ததும் கட் பண்ணிவிடுகிறீர்கள். நியாயம்தான்.

மில் வேலையில் ஓய்வு பெற்றதும் நான் டெலஸ்கோப் வாங்கியது தாங்கள் அறிந்ததே. என் மகள் ஜெயசித்ரா வளைகாப்புக்கு ஊரார் போல வெள்ளிச்சாமான் கொண்டுவராமல், அவளுடைய ரிஷப ராசியில் இருக்கிற நண்டு நெபுலாவைப் படம் பிடித்துக் கொடுப்போம் என்று ஒரு கிறுக்கு பிடித்தது. ஆயிரம் வருசத்துக்கு முன்னால வெடிச்சுச் செத்த நட்சத்திரத்தோட மிச்சம் அது. இருட்டு வேணும்னு செண்பகத்தோப்புக்குப் போனேன், வனத்துறைக்காரரு டெலஸ்கோப்புக் குழாயைப் பாத்து வேட்டைக்கு வந்தவன்னு நெனச்சு சேவுப் பொட்டலம் வரைக்கும் பிரிச்சுப் பாத்தாரு, பொறவு சுந்தரபாண்டியத்துல மச்சினன் வயல்ல ஸ்டாண்டை ஊனுனா அது சேத்துல எறங்கி ஒருச்சாஞ்சு போச்சு, நானும் சாஞ்சுக்கிட்டே வானத்தைத் துழாவுறேன், வரிசையா நிக்கிற மூணு நட்சத்திரத்துக்குக் கீழ புகை மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, ஆகா நண்டு மாட்டிருச்சுன்னு டெலஸ்கோப்புல போனை ஒட்டி வச்சுப் பிடிச்சு, பெருசா பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டமும் மாட்டிட்டேன்.

பொறவு நடந்தது தங்களுக்கே தெரியும். சம்மந்தியம்மா வெள்ளைத்தாய் அவிய அதை ஏதோ சாமி ஜோதின்னு நெனச்சு, குங்குமம் வச்சு, மாலை போட்டு, புள்ளைக்குப் பக்கத்துலயே நிறுத்திக் கும்பிட்டாவ. அத்தோட நான் புளியோதரையைத் தின்னுட்டு வாயைக் கழுவிருக்கணும். "எந்தக் கோயில் ஜோதி அண்ணாச்சி இது?"ன்னு அவிய கேட்டதுதான் தாமசம், அம்புட்டு சுமங்கலிகளுக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு, "ஜோதி இல்லம்மா, இது செத்துப்போன நட்சத்திரம், அதுவும் நம்ம ஜெயசித்ரா ராசியில"ன்னு மைக் இல்லாமலே முழங்கிட்டேன். வளையல் சத்தம் நின்னு போச்சு. அப்பத்தான் நானே நிமிந்து பாக்கேன்: மாலை போட்ட படம், பக்கத்துல வயித்துப்புள்ளக்காரி! ஐயோ, எம்புட்டு மடையன் நான்! "எழவுப் படத்தோட வந்த ஆளு வீட்டுக்கு என் மருமகளைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன்"னு அவிய சொன்னதுல குத்தமே இல்ல. வெக்கத்துல ஓடியாந்ததுல செருப்பையும் மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன். புதுசா இருக்கறதைப் பாத்தா அது தங்களோடதுதான்னு நெனைக்கேன்.

இங்க என் வீட்டுக்காரி காளீஸ்வரி பேறுகால மருந்துச் சாமானெல்லாம் இடிச்சு வச்சு, தொட்டில் கட்ட உத்தரத்துல கொக்கியும் மாட்டி வச்சிருக்கா. அந்தக் கொக்கியைப் பாப்பா, பொறவு என்னையப் பாப்பா. ஒரு வார்த்தை பேசறதில்ல. திட்டினாக்கூடத் தாங்கிருவேன் சம்மந்தி, இது தாங்கல.

தப்பு அம்புட்டும் என்னுது. படத்தைக் கெணத்துல போட்டுருங்க. டெலஸ்கோப்பைச் சாக்குல கட்டிப் பரண்ல ஏத்தியாச்சு. இனி தவசிமுத்து தரையைப் பாத்தே நடப்பான். புள்ளையை மட்டும் அனுப்பி வைங்க.

சம்மந்தியம்மா காலில் நான் விழுந்து கிடப்பதாகவே பாவிக்கவும். மருமகப்பிள்ளைக்கும், வயிற்றில் இருக்கும் சின்னவருக்கும் என் ஆசிகள்.

தலை நிமிராத,
தவசிமுத்து

பி.கு.: கவரை ஒட்டப்போற நேரத்துல, மதுரையில வானம் பாக்குற சிநேகிதர் ஒருத்தர், நான் போன்ல அனுப்பியிருந்த அந்தப் படத்தைப் பாத்துட்டுப் பேசினாரு. "அண்ணாச்சி, நண்டெல்லாம் இப்படிப் போன்ல விழாது. நீங்க பிடிச்சது ஓரியன் நெபுலா. அங்க எழவு ஒண்ணும் விழல. புது நட்சத்திரம் பொறக்குற எடம் அது"ன்னு சிரிக்காரு. படத்தைக் கெணத்துல போட்டிருந்தா தயவுசெஞ்சு எடுத்துருங்க. காளீஸ்வரிகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "எழவு வீடு எது, புள்ள பொறக்குற வீடு எதுன்னு தெரியாத மனுசனையா நான் கட்டிக்கிட்டேன்?"னு கேட்டா. கேள்வி சரிதான். ஆனா பேசிட்டா, சம்மந்தி! இனி நீங்க ஒருத்தர்தான். போனை எடுங்க.