ஓவனுக்கு முன்னால் ஹெல்மெட் நானா

காரைக்காலில் ஹெல்மெட்டின் அருமையை முழுசாக உணர்ந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் ஹெல்மெட் நானாதான். வண்டி ஓட்டும்போது அதைத் தொடவே மாட்டார். ரொட்டி சுடும்போது மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்வார்.

நாங்கள் இருவரும் பேக்கரிப் பயிற்சி வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த வேலை போன பிறகு, அம்மாவையும் வீட்டையும் காப்பாற்ற ஒரு தொழில் வேண்டுமே என்று நான் சேர்ந்தேன். அவர் துபாயில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு, இனி ஊரோடு இருப்பது என்று முடிவு செய்து வந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது. வீட்டில் தம்பி தங்கைகள் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்பார்கள். வகுப்பும் அதையே பிடித்துக்கொண்டது.

முதல் நாள் சார் எங்களை ஓவனுக்கு முன் நிறுத்தினார். ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் ஓவன். குமிழைத் திருகிவிட்டு, பேச்சு சுவாரஸ்யத்தில் தாமதமாகப் பற்றவைத்தார். ‘புஸ்’ என்று நெருப்பு வெளியே வந்து, அவருடைய இடது புருவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

“இதெல்லாம் தொழில்ல சகஜம்” என்று சார் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து காலையில் பஸ் ஏறும்போதே எனக்கு உள்ளங்கை நனைந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. ஓவனுக்குப் பயப்படுகிறவளுக்கு எந்த பேக்கரியில் வேலை கொடுப்பார்கள்?

நானா மறுநாள் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

“என்னங்க இது?” என்றார் சார்.

“பயமா இருக்கு சார்” என்றார் நானா, பேர் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. “அதான் போட்டுக்கிட்டேன்.”

பயத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஹெல்மெட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. சூட்டுக்குப் பக்கத்தில் போனால் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியாது. ஒருநாள் நாற்பது பன்களை ஓவனில் வைப்பதாக நினைத்து, பக்கத்திலிருந்த இரும்பு அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு ஆறடி தள்ளி நின்று இருபது நிமிடம் அந்த அலமாரியைக் காவல் காத்தார். நாங்கள் மாவு பிசைவதுபோல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள், வீட்டில் பழகிப் பார்க்க ஈஸ்ட் போட்ட மாவை ஒரு டப்பாவில் அடைத்து வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நல்ல வெயில். கடைத்தெரு நடுவில் மாவு பொங்கி, மூடி ‘டப்’ என்று தெறித்தது. நானா வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு துணிக்கடைக்குள் நின்றுகொண்டார். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து வண்டியைப் பார்த்தார், வழிந்துகொண்டிருந்த மாவைப் பார்த்தார், கடைசியில் நானாவின் தலையைப் பார்த்தார்.

“ஹெல்மெட் எங்கங்க?”

“கிளாஸ்ல இருக்கு சார்.”

“அங்க எதுக்கு?”

“ரொட்டி சுடறதுக்கு.”



செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஹெல்மெட்டைப் பார்த்ததும், “இதக் கழட்டிட்டு வாங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க” என்றுவிட்டார். நானா கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் முதலில் அழைத்தது என் பெயரை.

குமிழைத் திருகினேன். பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினேன். பற்றவில்லை. மறுபடி, மறுபடி. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இதில் தோற்றால் வீட்டில் என்ன சொல்வது என்பதைத் தவிர என் மண்டையில் வேறு நினைப்பில்லை. மேசையிலிருந்த லைட்டரை எடுத்துக்கொண்டு ஓவன் வாயருகே குனிந்தேன்.

“தங்கச்சி, அமுக்காத. லைட்டர கீழ வையி.”

நானாவின் குரல் சத்தமாகக்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ கை நின்றது. அவர் என்னைத் தாண்டிப் போய்க் குமிழை மூடினார், சிலிண்டரை மூடினார். காற்றாடியைப் போடப்போன தேர்வாளரிடம், “சார், சுவிட்சுல கை வைக்காதீங்க” என்றார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு எங்களை வெளியே அனுப்பினார். அப்போதுதான் கேஸ் நெடி என் மூக்கில் ஏறியது. யார் குமிழைத் திருகினாலும் நெருப்புப் பற்றும்வரை அவர் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாராம். நான் குனிந்தபோது எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியிருந்தது.

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

“நானா, எனக்கும் மொத நாள்லேருந்தே பயந்தான்” என்றேன். ஆறு மாதத்தில் முதல்முறையாக வாயைவிட்டு வந்தது.

“தெரியும் தங்கச்சி. ஓவன் கதவத் தொறக்கறப்பல்லாம் நீ கண்ண மூடிக்கிட்டுதான தொறப்ப.”

ஒரு மணி நேரம் கழித்து, ஓவனைச் சரிபார்த்தபின் தேர்வு மறுபடி தொடங்கியது. தேர்வாளர் நானாவிடம் வந்து, “நீங்க ஹெல்மெட்ட போட்டுக்குங்க” என்றார். சற்று யோசித்து, “இன்னொண்ணு இருக்கா?” என்றும் கேட்டார்.

இருவரும் தேறினோம். நானாவின் ரொட்டி அடியில் கொஞ்சம் கருகியிருந்தது, என்னுடையதும்தான்.

இப்போது அவர் கடைத்தெரு பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார், நான் தருமபுரத்தில். பயம் இன்னும் போகவில்லை. தினமும் காலையில் ஓவன் முன் நின்று அவருக்குப் போன் போடுவேன்.

“நானா, பத்தவைக்கப் போறேன்.”

“ஜன்னலத் தொறந்தியா? கொஞ்சம் தள்ளி நின்னுக்க.”

“பத்திக்கிச்சு நானா” என்று நான் சொல்லும்வரை அவர் ஒருநாளும் போனை வைத்ததில்லை.