அட்டை சால்டரிங் அயர்ன்

"இருபத்து நாலு பேரும் ‘பார்த்து’ன்னே டிக் அடிச்சா நான் என்ன மேடம் பண்றது?"

தாம்பரத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தின் எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் லாசரஸ், படிவக் கட்டை முதல்வர் மெட்டில்டாவின் மேசையில் வைத்தார். ‘நீங்கள் எப்படிக் கற்கிறீர்கள்? பார்த்தா, கேட்டா, செய்தா?’ என்பதுதான் கேள்வி. ஒருவர்கூட மாற்றி எழுதவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். கண்ணுக்கு, காதுக்கு, கைக்குன்னு மூணு வகை சாதனம் இருந்தே ஆகணும். இல்லேன்னா உங்க காண்ட்ராக்டை நீட்டிக்க மாட்டாங்க."

லாசரஸ் படிவக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? வருகைப் பதிவேட்டைத் திறந்தார். முதல் எட்டுப் பேர் கண், அடுத்த எட்டுப் பேர் காது, மிச்சம் கை. ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

கண்ணுக்கு வீடியோ சுலபமாகக் கிடைத்தது. காதுக்கு வீட்டில் உட்கார்ந்து பாடத்தைப் பதிவு செய்தார். கூடவே குக்கரும் பதிவானது. மூன்றாவது விசிலில் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் என்று எட்டுப் பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

விசிலை வெட்டி எடுத்தார். ‘ஈரக் கையால் தொடக் கூடாது’ என்பதில் ‘கூடாது’வும் அதோடு போய்விட்டது.

மிச்சம் கைக் குழு. ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் புத்தம்புது சால்டரிங் அயர்ன்களை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் அழுக்காக்க அவருக்கு மனம் வரவில்லை. அட்டையை வெட்டி, நுனியில் வெள்ளித்தாள் ஒட்டி, எட்டு அயர்ன் செய்தார்.

"இது சூடாவுமா சார்?" என்று கேட்டான் அனகாபுத்தூர் முதாசிர்.

"ஆனதா நினைச்சுக்க."

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஐசக் வந்து உட்கார்ந்தார். வீடியோ பாதியில் நின்றது. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க ஓடிய லாசரஸ், சுவிட்சை நாலு தடவை தட்டினார். மெட்டில்டா முறைத்தார்.

"பதறாதீங்க," என்றார் ஐசக். "பிளக்குல ஒயர் கழண்டிருக்கு, அவ்ளோதான். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு உங்க பசங்களையே மாட்டச் சொல்லுங்க. எலக்ட்ரானிக்ஸ் கிளாஸ்தானே."

இருபத்து நான்கு பேரும் எழுந்து வந்தார்கள். லாசரஸுக்குப் போன உயிர் திரும்பியது. வந்தவர்கள் பிளக்கைச் சுற்றி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அக்கறையாகப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஏம்மா, கையில எடுத்து மாட்டும்மா," என்றார் ஐசக், முன்னால் நின்ற சோயாவிடம்.

சோயாவின் பார்வை லாசரஸின் இடுப்புக்குப் போயிற்று.

"எங்களுக்குத் தொட்டுப் பழக்கமில்ல சார். லேப் சாமான் எல்லாம் ரெண்டு வருஷமா பூட்டுன அலமாரியிலதான் கீது, நாங்க கண்ணாடி வழியா பார்த்துகினுதான் படிச்சோம், ஃபாரத்துலகூட அதைத்தான் டிக் அடிச்சோம்."