அடிக்குறிப்பு வாத்தியார்

சிங்கப்பூரில் ஒரு வாக்கியத்தை உருப்படியாக முடிக்கத் தெரியாத ஒரே அறிவாளி எங்கள் அடிக்குறிப்பு வாத்தியார்தான். புக்கிட் பாத்தோக்கில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர். பல்கலைக்கழகத்தில் பின்நவீனத்துவ நாவல்களை ஆராய்கிறார். கதை அது பாட்டுக்கு நிற்க, பக்கத்தின் அடியில் வரும் குறிப்புகள் கதையையே விழுங்கிவிடுமே, அந்த வகை நாவல்கள். பழகிப் பழகி மனிதரும் அப்படியே ஆகிவிட்டார். பேச்சின் நடுவே ஆள்காட்டி விரல் எழுந்தால் அடிக்குறிப்பு ஆரம்பம். அது இறங்கும்வரை நமக்கு விடுதலை இல்லை.

தேக்கா சந்தையில் தே, அதாவது டீ, வாங்கப் போனாலும் இதே கதைதான். விரலைத் தூக்கிக் கரும்புத் தோட்டங்களின் வரலாற்றுக்குள் போய்விடுவார். பின்னால் வரிசை நீளும்.

"அண்ணே, சீனி போடவா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க லா!" என்பார் கடைக்கார அக்கா.

"அதுக்குத்தாங்க வந்துட்டிருக்கேன்."

போன வருடம் அவருடைய ஒப்பந்தம் முடியும் நிலை. நிரந்தர வேலைக்கு ஒரு சோதனை விரிவுரை. தேறாவிட்டால் மதுரைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"சார், இருபது நிமிஷம்தான் டைம். கைய பாக்கெட்ட விட்டு எடுக்கவே கூடாது," என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

சொன்னபடியே செய்தார். பேச்சு நேரத்துக்கு முடிந்தது. ஆனால் உப்பில்லாத ரசம். தேர்வுக்குழுவில் ஒருவர் கொட்டாவியே விட்டார்.

கடைசியில் குழுத்தலைவி, "இந்த நாவல்கள் உங்களுக்கு ஏன் பிடிக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கை வெளியே வந்தது. விரல் எழுந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

கதைக்குள் இடம் கிடைக்காதவர்கள் அடிக்குறிப்பில்தான் குடியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். அங்கிருந்து தேக்கா அக்காவுக்குத் தாவினார். அடுத்து, "கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்டிருக்கிறாரே, என் சாம்பாரையும் சகித்துக்கொள்கிறவர்," என்று என்னைக் காட்டினார். அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கூச்சத்தில் நெளிந்தேன். கொட்டாவிக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை.

வேலை கிடைத்துவிட்டது.

நேற்றும் தேக்காவில் விரல் எழுந்தது. என் தே ஆறிப்போனது. ஆறினால் ஆறட்டும், மனிதர் இங்கேயே இருக்கிறாரே.