கோ போ ஈசன்

டென்மார்க் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல், டேனிஷ் மொழியில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே ஆக்லாந்து முழுவதையும் கதிகலங்க அடித்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். தொண்ணூறுகளின் நடுவில் மனுரேவாவில் எங்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா அப்பா வைத்த பெயர் கடவுச்சீட்டில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் மாட்டண்ணை.

அந்த வீட்டில் மூன்று பேர். அவர், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ் நண்பர், கும்பகோணத்துக்காரனான நான். ஒரே தமிழை மூன்று விதமாகப் பேசிக் குழம்பிக்கொண்டிருந்த இடத்தில் டேனிஷும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய அக்கா மகள்.

யுத்தம் அக்காவை டென்மார்க்குக்கும் தம்பியை நியூசிலாந்துக்கும் துரத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் அக்காவுக்குப் போன் போடுவார். பதினான்கு வயது மருமகள் எடுத்தால் "ஹாய்" என்பாள். அடுத்த நொடி ரிசீவர் அம்மாவின் கைக்குப் போய்விடும். அவளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. இரண்டு வருடம் அந்த ஒற்றை "ஹாய்" கேட்ட பிறகு, அவளுக்குத் தமிழ் வராவிட்டால் நான் டேனிஷுக்குப் போகிறேன் என்று மனிதர் முடிவு செய்துவிட்டார்.

கிடங்கில் வண்டிகளைப் பழுது பார்க்க யென்ஸ் என்ற டேனிஷ் முதியவர் வருவார். எது உடைந்தாலும் நிதானமாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். "டேர் எர் இங்ஙன் கோ போ ஈசன்." அதைக் கேட்ட அன்று மாட்டண்ணை வீட்டுக்கு ஓடிவந்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"டேனிஷ்காரர் எல்லாம் சைவக்காரர் தம்பி. கோ எண்டா பசு. ஈசன் எண்டா ஈசன். இதில என்ன சந்தேகம்?"

நடுவில் உள்ள 'போ'வை என்ன செய்வதென்று கேட்டேன். பசுவை ஈசனிடம் போகச் சொல்கிறார்கள் என்றார். மறுநாள் யென்ஸைக் கைகூப்பி வணங்கி, நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார். யென்ஸ் பாவம், தொழிற்சாலைப் பாதுகாப்பு விதி ஏதோ என்று எண்ணி மாலைவரை அதை அழிக்கவில்லை.

பிறகு விஷயம் தெரிந்து, யென்ஸ் ஓர் அட்டைப்பெட்டியில் உறைந்த ஏரியை வரைந்து, அதன்மேல் மாட்டை வரைந்து, மாட்டைக் குறுக்கே அடித்துக் காட்டினாராம். பனியின்மேல் மாடு இல்லை. அவ்வளவுதான் வாக்கியம். மாட்டண்ணைக்கு ஈசன் போனதில் வருத்தம், பசுவாவது தப்பியதில் ஆறுதல். பனி என்றால் குளிர்பெட்டி, மாடு என்றால் பால் என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து பால் தீர்ந்தால் "கோ போ ஈசன்" என்று அறிவிப்பார். ஈப்போக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு முனைக்கடைக்கு நடப்பார்.

அதுவும் தவறாம். ஒன்றும் மோசமில்லை, பதறாதே என்பதுதான் பொருள் என்று யென்ஸ் திருத்தினார். நிலைமை அதற்குப் பிறகுதான் கட்டுமீறிப் போனது. பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மன்னார்க் குடும்பத்துக் கல்யாணம். பெண் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் நம்மவர் போய்த் தோளைத் தட்டி, "ஐயா, பனியில மாடில்லை" என்று தமிழிலேயே ஆறுதல் சொன்னார். தாங்கள் சீதனத்தில் மாடு கேட்டதாக யாரோ கதை கட்டிவிட்டார்கள் என்று அந்த மனிதர் கொதித்து, சம்பந்தி வீட்டாரைத் தேடிப் போய்விட்டார். மாட்டண்ணை என்ற பட்டப்பெயர் அன்றுதான் விழுந்தது.

கிடங்கில் நடந்ததுதான் பெரியது. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய தக்காளி டின்கள் ஒரு பக்கம் சாய்ந்தபோது, மேலாளரைப் பார்த்து மாட்டண்ணை தன் வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அடுக்கு தரையில் கிடந்தது. நல்லவேளையாக யார்மேலும் விழவில்லை. யென்ஸ் அன்று முதல்முறையாகக் கோபப்பட்டார். முதலில் பனியைப் பார், அங்கே மாடு இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே வாயைத் திற என்றார். மாட்டண்ணை அதைக் குருவாக்காக எடுத்துக்கொண்டார். ஆறு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்களுக்கே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், டென்மார்க்கில் அப்போது செவ்வாய் இரவு, போன் அடித்தது. மருமகள். அவளாக எடுத்த முதல் அழைப்பு. அந்தப் போனில் எதிர்முனைப் பேச்சு கூடம் முழுக்கக் கேட்கும்; அழுதுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மாவுக்கு வயிற்றுவலி, ஆம்புலன்ஸ் வந்தது, அப்பாவும் கூடப் போய்விட்டார், நாளை காலை குடல்வால் ஆபரேஷன், வீட்டில் தனியாக இருக்கிறாள்.

நானும் ஈப்போக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது அதைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, டாக்டர் என்ன சொன்னார், அப்பா எப்போது திரும்புவார், அவள் சாப்பிட்டாளா.

"அம்மா இப்ப கதைக்கிறாவோ, பிள்ளை?"

"ஓம்." மூக்கை உறிஞ்சும் சத்தம். சற்றுமுன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது, பின்னாலிருந்து அம்மா அவரை ஏசுவது கேட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டில் சோறு அடிப்பிடித்ததற்காக.

மாட்டண்ணை கண்ணை மூடித் திறந்தார். பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, "டேர் எர் இங்ஙன் கோ போ ஈசன்" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அழுகையும் கலந்த சிரிப்பு. டேனிஷில் என்னவோ படபடவென்று சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. உச்சரிப்பை மூன்று தடவை திருத்தினாள். அப்புறம் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி இருப்பதைச் சொல்ல, தன்னிடம் இருந்த தமிழையெல்லாம் தேடி எடுத்தாள்.

"மாமா... மாட்டிண்ட பின்பக்கம்... கரையில இருக்குமட்டும்... பயமில்லை."

"அப்பிடியோ," என்றார் அவர். "இன்னும் சொல்லு, பிள்ளை. மாமா கேக்கிறன்."

அவள் அப்பா வீடு திரும்பும்வரை, நாற்பது நிமிடம், பேசினார்கள், மாட்டண்ணை நின்றபடியே. மாடு, பள்ளிக்கூடம், அம்மாவின் சமையல், மறுபடி மாடு. அன்று அவர் வேலைக்குத் தாமதம், நாங்களும்தான். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த செய்தியையும் அவள்தான் அழைத்துச் சொன்னாள்.

அவரை அதிகம் கேலி செய்தவன் நான். அந்த ஞாயிறு காலை, அவர் எழுந்திருக்கும் முன்பே, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப்போய்ப் போன் பக்கத்தில் போட்டுவைத்தேன்.