ஆறு பாட்டிலும் பதினெட்டாம் தேதியும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
13-2-1984

சௌபாக்கியவதி மருமகள் கமலவேணிக்கு மாமனார் பலராமன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை குஞ்சம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் வயிற்றுச் சிசுவும் சம்பந்தி வீட்டார் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இக்கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கவும். பயப்படாதே, இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் மானத்துக்குக் கேடு.

டிசம்பரில் நீ பிரசவத்துக்கு விழுப்புரம் புறப்பட்டபோது, மாடி அறையில் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊசுட்டேரித் தண்ணீரை வரிசையாக வைத்து, "மாமா, முப்பது வருஷம் மில்லுல ரிஜிஸ்தர் எழுதினவர் நீங்க, உங்களை விட்டா நான் யாரை நம்புவேன்" என்று நோட்டை என் கையில் கொடுத்தாய். எனக்குச் சுருக்கென்றது. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "அழுக்குத் தண்ணியைப் பாத்து எழுதறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று உன் அப்பா எதிரிலேயே சிரித்தவன் நான். நீ அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். தண்ணீரில் இருக்கும் கிருமிகள் ஆடு மாதிரி, அதைத் தின்னும் இன்னொரு நுண்ணுயிர் புலி மாதிரி, மூணு பாட்டிலில் புலி விட்டிருக்கு, மூணில் இல்லை. இரண்டு வகையிலும் ஒன்றைத் தொடவே கூடாது, ஒன்றை ஞாயிறுதோறும், ஒன்றைத் தினமும் பாதி கொட்டிவிட்டு ஆறின வெந்நீர் ஊற்றிக் கலைக்க வேண்டும். அப்படி நிம்மதியைக் கெடுத்தால் ஆடு என்ன செய்கிறது, புலி என்ன செய்கிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி. பாட்டிலுக்குப் பின்னால், எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் ஐந்து வரி எழுதிய அட்டையைப் பிடித்து, எந்த வரி வரைக்கும் படிக்க முடிகிறது என்று தினமும் எழுத வேண்டும். கலங்கலாயிருந்தால் ஆடு பெருகியிருக்கு, தெளிந்திருந்தால் புலி மேய்ந்திருக்கு.

முதல் மாதம் நான் எழுதியதெல்லாம் சத்தியம், அம்மா. புலி இருந்த பாட்டிலில் ஒருநாள் பஞ்சுத்துணுக்கு மாதிரி மிதந்ததை எழுதினேன். "அது பஞ்சு இல்ல மாமா, புலிக்குப் பயந்து ஆடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, அப்பத்தான் வாய்க்குள்ள போகாது"ன்னு நீ பதில் போட்டே. அதைப் படிச்சிட்டு, வீட்டுக்கு வந்தவங்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். எல்லாம் என் கண்ணாடியாலதான் கெட்டுது. அட்டை சரியாத் தெரியலையேன்னு, தொடவே கூடாத புலிப் பாட்டிலோட வாயில கட்டியிருந்த மல்துணியை அவுத்துக் கண்ணாடியைத் துடைச்சேன், திரும்பக் கட்ட மறந்துட்டேன். பத்து நாள் கழிச்சுப் பாத்தா கொசுப்புழு நெளியுது. பக்கத்து வீட்டு ஜூல் இருக்காரே, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கற மனுஷன், எதையும் ஒரு நிமிஷத்துல முடிச்சாகணும் அவருக்கு. "சே ரியேன் பலராமன், ஒண்ணுமே இல்ல இது"ன்னு சொல்லிட்டுப் போயி, அவர் தொட்டியிலேர்ந்து ஒரு மீன்குஞ்சைக் கொண்டாந்து உள்ள விட்டுட்டார். நான் தடுக்கல. புலிக்கு மேல ஒரு புலின்னு எனக்கே அது சரியாத்தான் பட்டுது. மீன் புழுவைத் தின்னுது, ரெண்டு நாள் சந்தோஷமா சுத்துச்சு, மூணாம் நாள் செத்து மிதந்துச்சு. நாத்தம் மாடிப்படி இறங்கி அடுப்படிக்கே வந்துடுச்சு.

மறுநாள் போகி. நான் தவளக்குப்பத்துல ஒரு சாவுக்குப் போயிருந்தேன். சாயந்தரம் வந்து பாத்தா ஆறு பாட்டிலும் பளபளன்னு நிக்குது. உங்க அத்தை வீட்டைக் கழுவினதோட, மீனைத் தூக்கிப் போட்டுட்டு, எல்லாப் பாட்டிலையும் வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்ச்சு, நாத்தம் போகட்டும்னு ஆறுலயும் பாதியைக் கொட்டிக் குழாய்த் தண்ணி ஊத்தியிருக்கா. நீ ஒட்டியிருந்த சீட்டு ஒண்ணுகூட இல்ல. "ஏண்டி, எது எதுன்னு எப்படித் தெரியும் இனிமே?"ன்னு கத்தினேன். "தண்ணி தண்ணிதான், எது எதுவா இருந்தா என்ன? மருமவ வந்தா மெச்சுவா பாருங்க"ன்னா. அவ மேல குத்தம் இல்லம்மா. தொடக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கணும். ஆராய்ச்சிக்காரன்கிற மிதப்புல சொல்லல.

அன்னிக்கே உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். எழுதவும் உக்காந்தேன். பொண்ணு பாக்க வந்தப்ப நான் சிரிச்ச சிரிப்பு காதுல கேட்டுது. இப்ப உன் அப்பா சிரிப்பாரேன்னு தோணிச்சு. கார்டைத் தள்ளி வெச்சிட்டு நோட்டை எடுத்தேன். பதினாலுலேர்ந்து மாசக் கடைசி வரைக்கும், வராத நாளுக்கும் சேத்து ஒரே உக்காரல்ல எழுதினேன். நாலாம் பாட்டில், அதான் ஞாயித்துக்கிழமை கலைக்கிற புலிப் பாட்டில், அதுக்கு ரெண்டாம் வரி, ரெண்டாம் வரின்னு போட்டுக்கிட்டே வந்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா யார் நம்புவாங்கன்னு பதினெட்டாம் தேதிக்கு மட்டும் மூணாம் வரின்னு போட்டேன். அந்த நேரம் பாத்து உங்க அத்தை சோத்துக்குக் கூப்பிட்டா. சாப்பிட்டு வந்து மறுபடி ரெண்டாம் வரியே எழுதிட்டேன். அதைத்தான் அழகாப் பிரதி எடுத்து உனக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்துது. "மாமா, பதினெட்டாம் தேதி தண்ணி தெளிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்களே, கலைச்ச மூணாம் நாள் அது! புலிங்க திடீர்னு பெருகி ஆட்டைத் தின்னிருக்கு, அப்புறம் தீனி இல்லாம அதுங்களே குறைஞ்சிருக்கு, அதான் மறுநாள் திரும்பக் கலங்கிடுச்சு. இதைத்தான் நான் ரெண்டு வருஷமாத் தேடறேன். சந்தோஷத்துல தூக்கமே வரல. பேராசிரியருக்கும் எழுதிட்டேன். நீங்க மட்டும் அன்னிக்குக் கவனிக்காம விட்டிருந்தா!"

கமலவேணி, அன்னிக்குப் புலியும் தின்னல, ஆடும் சாகல. நான்தான் கருவாட்டுக் குழம்பு சாப்பிடப் போனேன்.

மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. மில்லுல எத்தனையோ பேர் பொய்க் கணக்கு எழுதி நான் பிடிச்சிருக்கேன், ஒருத்தனை வேலையை விட்டே நிறுத்தச் சொல்லியிருக்கேன். அவன் முகம் இப்ப ஞாபகம் வருது. நிறைமாசக்காரிகிட்ட இதைச் சொல்லலாமான்னு உங்க அத்தை கேக்கறா. சொல்லாம விட்டா நீ அதை அச்சுல போட்டுடுவே. நாளைக்கு யாராவது ஆறு பாட்டில் வெச்சுப் பாத்து, இது பொய்னு உன்னைச் சொல்லுவாங்க. என்னை யாரும் சொல்ல மாட்டாங்க, என் பேரு அதுல இருக்காது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை உன் பேராசிரியர் பாட்டில்களைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். அவரிடம் நானே நோட்டை நீட்டி, போகிக்குப் பிறகு உள்ளதெல்லாம் என் கற்பனை என்று சொல்லிவிடுவேன். அதற்காக நீ ஒருவரிடமும் தலைகுனிய வேண்டாம். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க உன் அத்தையும் நானும் ஆசீர்வதிக்கிறோம். உன் அப்பாவுக்கு என் நமஸ்காரம். இதை அவருக்கும் படித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
மாமனார் ம. பலராமன்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். வியாழக்கிழமை வேறு வேலையாம், பேராசிரியர் இன்றைக்கே வந்துவிட்டார். உட்காரவைத்து, நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து வந்து, "இந்த நோட்டு எழுதினது நீங்களா சார்?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்த வயசு வரைக்கும் என்னை யாரும் சார் என்றதில்லை. "பதினெட்டாம் தேதி மூணாம் வரி நல்லாத் தெரிஞ்சதுங்களா?" என்றார். "நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டேன். சின்ன எழுத்துகூட என்றும் சேர்த்துச் சொன்னேன். மாடி ஏறிப் பாட்டிலைக்கூடப் பார்க்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிய உறை ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே அதில் போட்டு நீயே அனுப்பிவிடு அம்மா. என்னால் ஆகாது.