ஏழெட்டு அண்ணன் வீட்டுக் கல்யாணப் பாட்டு

எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து ஆபீஸ் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வரை ஒரே பாட்டைப் போட்டு வண்டி ஓட்டக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய காரில்தான் நான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். என் ஜாதகம் அப்படி.

ஆபீசில் அவருக்கு ஏழெட்டு அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். அவருக்குப் பிடித்த ராக் பாட்டுகள் எதுவும் நாலு தட்டில் அடங்காது. மேற்கத்திய இசைக்காரர்கள் 7/8 என்று எழுதும் ஏழு தட்டுத் தாளம், கொஞ்சம் உக்கிரமானால் பதினொன்று. "நாலுல யாரு வேணும்னாலும் ஆடலாம் தம்பி. ஏழுல நடந்து பாரு, அப்பத் தெரியும்" என்பார்.

காரில் ஓடும் அந்தப் பாட்டில் முதலில் காற்றடிக்கும். பிறகு மணி அடிக்கும். ஷா ஆலாம் தாண்டும்போது புல்லாங்குழல் சேரும். பாடகர் வாயைத் திறக்கும்போது நாங்கள் சுங்கை வே ஜாமில் நின்றுகொண்டிருப்போம்.

"அண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று எங்களோடு வேலைக்கு வரும் லோகா பின்சீட்டிலிருந்து ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"இது முன்னுரைதான்லா."

மறுவாரமே அவள் ரயிலுக்கு மாறிவிட்டாள்.

வாழை இலைக் கடையில் சோற்றுக்குக் காத்திருக்கும்போதும் மேசையில் ட்ரம்ஸ் வாசிப்பார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பரிமாறுபவர் ரசத்தோடு ஓடி வருவார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி மரகதம் அக்கா இவரைப் பாசார் சந்தைக்கு மீன் வாங்க அனுப்பினால், பழைய இசைத்தட்டு வரும், மீன் வராது. அக்கா சீரியல் பார்க்கும்போது இவர் பக்கத்திலேயே ஹெட்போன் மாட்டிப் பழைய கச்சேரி வீடியோ பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண் கலங்குவார்களாம், வேறு வேறு காரணத்துக்கு.

ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணம் முடிவானபோது அண்ணன் ஒரே ஓர் ஆசையைச் சொன்னார். விருந்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஹாலுக்குள் நடந்து வரும்போது காரில் ஓடும் அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பந்திங்லேர்ந்து சம்பந்தி வீட்டு ஆளுங்க பஸ் புடிச்சு வராங்க. காத்தும் மணியும் கேட்டா யாரோ செத்துட்டாங்கன்னு நெனைப்பாங்க."

கவிதா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். சினிமாப் பாட்டு என்று முடிவானது. அண்ணன் சண்டை போடவில்லை. "சரி, அவங்க சந்தோஷம்தானே" என்றார்.

அதற்குப் பிறகு காரில் பாட்டே இல்லை. காற்றும் இல்லை, மணியும் இல்லை. இத்தனை வருஷம் எதற்காக வேண்டிக்கொண்டேனோ அது கிடைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, ஏதாச்சும் போடுங்கண்ணே" என்று நானே கெஞ்சினேன்.

"வேணாம் தம்பி. ஜாம் ரொம்ப."

ஜாமுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. முகம் அப்படி இருந்தது.

விருந்து கிள்ளானில். விளக்குகள் மங்கின, ஜோடி வாசலில் வந்து நின்றது, எல்லோரும் கைதட்டத் தயாரானோம். ஹாலுக்குள் காற்றடித்தது.

அக்கா திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

"சத்தியமா நான் இல்ல மரகதம்."

மணி அடித்தது. "அப்பாவுக்காகப் பொண்ணே கேட்ட பாட்டு" என்று மைக்கில் அறிவித்தார் பாட்டுப் போடுபவர்.

ட்ரம்ஸ் தொடங்கியதும் கூட்டம் பழக்கதோஷத்தில் நாலு நாலாகத் தட்டி, தடுமாறி, ஆளுக்கொரு திசையில் போனது. மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார், பாவம். அந்தக் காரின் பின்சீட்டில் தூங்கி வளர்ந்த கவிதா மட்டும் பட்டுப்புடவையில் ஏழுக்கு ஏழு பிசகாமல் நடந்து வந்தாள்.

மேடை ஏறியும் பாட்டு முடியவில்லை. பந்திங் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, இது முடிஞ்சாதான் சோறா?" என்று கேட்டார்.

"ஆமா அங்கிள்."

அண்ணன் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து மகளும் போட்டாள். ஹாலிலேயே சரியாகத் தட்டுவது இவர்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்தேன். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். அவையும் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தன. அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.