முட்டைக்கோசுக்கு எதிரி

முட்டைக்கோசின் மேல் சொந்தப் பகை வைத்திருந்த மனிதர் ஜொகூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். கங்கோங் டிரஸ்ஸர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆகவே விட்டமின் பிரசங்கம் எல்லாம் என் சோற்றுத் தட்டுக்கு மேல்தான் நடக்கும்.

"கிராணியாரே, கோசப் பிரிச்சா உள்ள என்ன இருக்கு?"

"கோசுதான்."

"அதுக்குள்ள?"

"இன்னும் கொஞ்சம் கோசு."

"பாத்தீங்களா! வெயிலே படாத வெள்ளை எலை. கங்கோங்கப் பாருங்க, பச்சைப்பசேல்னு. கண்ணுக்கு வேண்டிய சத்து அந்தப் பச்சையிலதான் இருக்கு."

கங்கோங் எங்கள் கால்வாய் ஓரமெல்லாம் கேட்பாரற்று வளரும் கீரை. பக்கத்துப் பன்றிப் பண்ணைக்கு அது கட்டுக்கட்டாகப் போவதைப் பார்த்த எங்கள் ஜனங்கள் அதைத் தொடமாட்டார்கள். கோசோ பெரிய துரை சாப்பிடுவது, சிங்கப்பூரிலிருந்து லாரியில் வருவது. துரை உத்தரவுப்படி நோயாளிகளுக்கும் கோசு வேகவைத்த தண்ணீர் கிடைத்தது. குடித்தவர்கள் பாதித் துரையாகிவிட்ட முகத்தோடு படுத்திருப்பார்கள்.

அப்போதுதான் பால்வெட்டும் முனியம்மாவுக்கு மாலைக்கண் வந்தது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவி நடந்தாள். விடியுமுன் வேலைக்கு வரும்போது விழுந்து எழுந்தாள். கங்காணியோ, "நடிக்கிறா, பேர வெட்டுங்க" என்றார். பேர் போனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கிருந்த வீடும் போகும்.

"கங்கோங்க வதக்கித் தின்னும்மா," என்றார் டிரஸ்ஸர்.

"பன்னி திங்கிறதையா? எனக்கும் கோசு குடுங்கய்யா!"

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கங்கோங்கை வேகவைத்து மசித்து, தேங்காய் எண்ணெய் கலந்து, மருந்துப் பாட்டிலில் அடைத்துச் சீட்டு ஒட்டினார். கசந்தால்தான் நம்புவார்கள் என்று மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா ஒரு சொட்டு வேறு. முனியம்மா கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு குடித்தாள். வாரம் திரும்புவதற்குள் லயமே வாசலில் நின்றது. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் ஒரு பாட்டில் குடுங்க!"

சில வாரங்களில் முனியம்மா அந்தி மங்கலில் தனியாகத் தண்ணீர் எடுத்து வந்தாள். பேச்சு துரை காதுக்கு எட்டியது. பட்டியலில் இல்லாத இந்தச் சீமை மருந்து எங்கிருந்து வந்தது என்று விசாரணை. டிரஸ்ஸர் துரையை நேரே கால்வாய்க்கு அழைத்துப்போய்க் கங்கோங்கைக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க கோசைவிட இது எவ்வளவோ மேல்" என்று தொடங்கினார். நான் பின்னாலிருந்து இருமினேன். எனக்குச் சளி என்று நினைத்தாரே தவிர, நிறுத்தவில்லை.

உண்மை தெரிந்ததும் லயத்து ஜனம் ஆஸ்பத்திரியை வளைத்தது. "அலமாக்! எங்களுக்குப் பன்னித் தீனியா ஊத்தினீங்க?"

முனியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "பொழுது போன பொறவும் உங்க மூஞ்சி எனக்குத் தெரியுதுய்யா. பாக்குற மாதிரி இல்லாட்டியும், தெரியுது."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. மறுநாள் காலை கால்வாய்க் கரை மொட்டையாகக் கிடந்தது.

முனியம்மாவின் பேர் தப்பியது. கோசை அவமதித்த டிரஸ்ஸரை மெர்சிங் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர். சாப்பிடும்போது வாயே திறக்கமாட்டார். அந்த நிம்மதியில் எனக்கு வெகுநாள் சோறு இறங்கவில்லை.